கரண்டிக்கு ஓர் ஆணி

மொந்தேவிதேயோவில் ஞாயிறுதோறும்
த்ரிஸ்தான் நர்வாஹா தெருவில்
அடுத்தவர் வீட்டை விரித்துப்போட்டு விற்பவன் நான்.
மூக்குடைந்த கெண்டி, ஒற்றைக் காதணி,
யாரோ யாருக்கோ எழுதிய வாழ்த்தட்டை,
இறந்தவரின் மூக்குக்கண்ணாடி.
அதற்கும் ஆள் உண்டு. போட்டுப் பார்த்து
"பரவாயில்லை, தெரிகிறது" என்பார்கள்.

லா தேஹாவிலிருந்து சூல்மா எச்செவெரி கூப்பிட்டாள்.
வண்டியோடு வா, நிறைய இருக்கிறது.
ஐம்பத்தெட்டு வயது, இரவுப் பணித் தாதி.
போன மாதம் பின்னறையைத் திறக்க முடியவில்லையாம்.
உள்ளே ஏதோ சரிந்து கதவை அடைத்துக்கொண்டதாம்.
"என் வீடே என்னை உள்ளே விடமாட்டேன் என்றது.
அன்றைக்குத்தான் கோபம் வந்தது."

நான் பார்க்காத வீடா?
பொருளை எடுப்பார்கள், தடவுவார்கள், கதை சொல்வார்கள்,
கதைக்கும் சேர்த்து விலை கேட்பார்கள்.
சூல்மா கதை சொல்லவில்லை.
ஒவ்வொன்றையும் கையில் தூக்கி
நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள்:
"எங்கே வலிக்கிறது?"
பதில் வராததெல்லாம் வண்டிக்கு.

பன்னிரண்டு பேருக்கான பீங்கான் வரிசை,
தங்கக் கோடு போட்டது,
ஒருநாளும் பசியைக் காணாதது. வண்டிக்கு.
முன்னாள் கணவன் விட்டுப்போன தூண்டில்கள். வண்டிக்கு.
இளைத்தால் போடலாம் என்று
பதினொரு வருஷம் தொங்கிய பச்சைக் கோட்டு.
அதை மட்டும் போட்டுப் பார்த்தாள்.
பொத்தான் எட்டவில்லை.
சிரித்தாள். வண்டிக்கு.

மாலைக்குள் எங்கள் பேச்சு எதிரொலிக்கத் தொடங்கியது.
ஒரு மேசை, நாலு நாற்காலி, கட்டில்,
துவைத்து மடித்த இரண்டு சீருடை.
அடுக்களையில் மட்டும்
பாதித் தரையை அடைத்துக்கொண்டு
ஓர் அண்டா.
அறுபது பேருக்குக் காணும். இவளோ ஒற்றை ஆள்.

"அதுக்கு நல்ல விலை தருகிறேன்."
"அது என்னுடையது இல்லை."
"பின்னே?"
"தெருவுடையது. இங்கே தூங்குகிறது, அவ்வளவுதான்."

ஆலை மூடிய குளிர்காலத்தில்
முனைவீட்டு ஓரம் விறகு மூட்டி
பயறும் பூசணியும் கொதித்த பாத்திரம்.
இப்போதும் வியாழக்கிழமைகளில் தெருவுக்கு இறங்குகிறது.
அத்தனையும் பளபளத்த அந்த வீட்டில்
அதன் அடிக்கரியை மட்டும் அவள் தேய்ப்பதில்லை.

நான் வீடு திரும்பினேன்.
விற்காதது, விற்க மனமில்லாதது,
அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று நின்றது.
மாத்தே குடுவையை வைக்க இடம் தேடித் தேடி
கையில் பிடித்தபடியே குடித்து முடித்தேன்.
எத்தனை வருஷமாய் இப்படி நின்றே குடிக்கிறேன்?

குவியலைக் கிளறினால், அடியில்
ஒரு கரண்டி. கை நீளம்.
கப்பல் சமையலறையிலிருந்து வந்திருக்க வேண்டும்;
பிடியில் யாரோ கீறிய இரண்டு எழுத்து.
மூன்று ஞாயிறு விரித்தும் போகாதது.
துடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
பக்கத்துச் சிறுவன் அது துடுப்பா என்று கேட்டான்.
ஆமாம் என்றேன்.

சூல்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எடை பார்த்தாள்.
"நல்ல கரண்டி. ஆனால் இங்கே இடமில்லை."
அத்தனை வெறும் சுவரையும் வைத்துக்கொண்டு
எப்படிச் சொல்கிறாள் பாருங்கள்!
"உன் வீட்டிலேயே இருக்கட்டும்.
வியாழன் பதினொரு மணிக்குக் கொண்டு வா.
எல்லாரும் சாப்பிட்டதும் எடுத்துப் போ."

அன்றிரவு
ஒரே ஓர் ஆணி அடிக்க வேண்டியிருந்தது.
ஆணிக்குச் சுவர் வேண்டும்.
சுவருக்கு, முன்னால் நிற்கிற பீரோ நகர வேண்டும்.
பீரோ நகர, அதன்மேல் ஓடாத ஏழு கடிகாரம்,
கடிகாரங்களுக்குப் பின்னே தொப்பிப் பெட்டிகள்,
பெட்டிகளுக்குள் வேறு பெட்டிகள்.

விடிந்தபோது இன்னும் பாதிகூட ஆகவில்லை.
ஆனால் ஒரு முழம் சுவர் தெரிந்தது.
மஞ்சள்.
எனக்கு மறந்தே போயிருந்தது.