கார்டு நிறைந்துவிட்டது

கெப்போங் சிக்னலில் இடித்தவன்
இறங்கி வந்து முதலில் பார்த்தது என் பம்பரை இல்லை,
கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவை.
'ஹிடுப் கா?' என்று கேட்டான்.
உயிரோடிருக்கிறதா.
'ஹிடுப்' என்றேன்.
பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பாலாயில் அவன் எழுதிக் கொடுத்திருந்தது:
பின்னால் வந்தது நான்தானாம்.
கார்ப்பொரல் பேனாவை மூடி வைத்துவிட்டு
'வீடியோ?' என்றார்.
போனில் திறந்தேன்.
கடைசிக் கோப்பு மார்ச் ஒன்பது.
அன்றைக்கு ஜூன் இருபத்தாறு.

கார்டைப் பிடுங்கி டீசட்டையில் துடைத்தேன்,
ஊதினேன், திரும்பச் செருகினேன்,
காடியை அணைத்து மறுபடி எழுப்பினேன்.
நிறைந்துவிட்டால் சொல்லுகிற குரல் ஒன்று அதற்குள் உண்டு.
பிப்ரவரியில் நானே அதன் வாயைக் கட்டியிருந்தேன்,
ஏர்போர்ட் போகிற பயணி ஒருவருக்குத்
தூக்கம் கெடுகிறதென்று.

முந்நூறு வெள்ளி சமான்.
என்சிடியும் போனது.

லோ யாட் மூன்றாவது மாடியில்
பூன் கியட் தலையே நிமிரவில்லை.
'சென்சார் ஹை-ல வச்சிருக்கீங்க அக்கா.
சும்மா குலுங்கினாலும் விபத்துன்னு நினைச்சிப் பூட்டிடும்.
பூட்டினது மேல எழுதாது.
இப்ப பாருங்க, எல்லாம் பூட்டு.'

பார்த்தேன்.
பிளாட் வாசல் மேடு, போகும்போது.
பிளாட் வாசல் மேடு, வரும்போது.
செத்தாப்பாக்கில் அதே குழி, பத்தொன்பது முறை.
தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி
பத்துமலை ரோட்டில் யாரோ பானட்டைத் தட்டிப் போனது.
பூட்டில் இறக்கிய அரிசி மூட்டை.
நானே ஸ்டீயரிங்கைக் குத்தியது, எதற்கென்று ஞாபகமில்லை.
பிறகு
காலை ஏழு இருபது.
காலை ஏழு இருபத்தொன்று.
காலை ஏழு பத்தொன்பது.
செந்தூல் ஸ்டேஷன் சுவர், லேசாய் ஓர் ஆட்டம்,
டொம்.
மோகனதாஸ் இறங்கிப் போகிறார்.

முப்பத்தேழு கதவு.
'நான் எங்க அறையிறேன், கதவு டைட்டு' என்பார்.
இந்தா, சாட்சி.
தேதியோடு, மணியோடு, பூட்டோடு.

'ஃபார்மட் பண்ணவா?'
'இரு' என்றேன்.
ஒன்றைத் திறந்தேன். மூன்று நிமிடக் கோப்பு.
வைப்பர் சத்தம்.
ரேடியோவில் தரைவிரிப்பு விளம்பரம்.
நெடுநேரம் யாரும் எதுவும் பேசவில்லை.
பிறகு அவர் குரல், வெளியிலிருந்து, பாதி மழையில்:
'ரோத்தி பின் சீட்டுல இருக்கு, ஆறிடும்.'
டொம்.

அந்த நாள் ஞாபகம் வந்தது.
மத்தியானம் சன்வே போன பெண்ணொருத்தி
ஏதோ பொட்டலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டதாகக் கத்தினாள்.
சீட்டெல்லாம் பருப்புக் குழம்பு.
டொம் மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

மற்ற முப்பத்தாறையும் கேட்கவில்லை.
பின்னால் ஒரு பையன் ஹெட்செட்டோடு நின்றுகொண்டிருந்தான்.
'பண்ணு' என்றேன்.
ஏழு விநாடி.

சென்சாரை லோ-வில் வைத்தான்.
குரலை நானே திறந்துவிட்டேன்.
'மாசத்துக்கொரு தடவை ஃபார்மட் பண்ணுங்க,
வெயில்ல காடிய விடாதீங்க, கார்டு வெந்துடும்.'
கேஎல்லில் வேறெங்கே விடுவதென்று
அவனும் சொல்லவில்லை.
பதினைந்து வெள்ளி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் பிளாட் வாசல் மேட்டில்
தூக்கிப் போட்டது.
கேமரா கண்டுகொள்ளவில்லை.
செத்தாப்பாக் குழிக்கும் அதே மாதிரி.

ஏழு இருபது. செந்தூல்.
தூறல் பிடித்திருந்தது.
அவர் ஏதோ சொன்னார், பஸ்காரன் ஹாரனில் அது போயிற்று.
டொம்.
சிவப்புப் புள்ளி பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன்.
ரோத்தி இல்லை.
அவருடைய குடை.

கண்ணாடியை இறக்கிவிட்டு
நானும் ஹாரன் அடித்தேன்.