தூக்கிய கை

கஞ்சிப்பாசி ஒரு கிலோ
ஈரச் சாக்கில் கட்டி மேசையில் வைத்துவிட்டு
சின்னப்பாலத்துச் சேசம்மாள் கேட்டாள்:
"இதுல என்னத்தத் தேடுற?"
சர்க்கரையை ஆள் பார்த்துப் பிடிக்கிற
புரதம் ஒன்று இதில் இருக்கிறது என்றேன்.
"எனக்கு இருநூத்தி எம்பது.
என்னைய அதுக்குத் தெரியுமா?"
கால் மணலைத் தட்டிவிட்டுப் போனாள்.

நாலு நாள்.
அரைத்து, வடித்து, உப்பில் திரட்டி,
கடைசியில் ஒரு கரண்டிக் கலங்கல்.
வலை காயும் வாடை.
முயல் இரத்தம் தீர்ந்திருந்தது.
ஜுலைகா முகத்தைத் திருப்பிக்கொண்டு
என் கையிலேயே ஊசி இறக்கினாள்.

என் சிவப்பணு ஒவ்வொன்றின் மேலும்
பார்மேல் பாசி போல
சர்க்கரை முளைத்து ஆடுகிறது.
எனக்கு இத்தனை நாள் தெரியாது.
ஒரு கையில் இந்த அணு, மறு கையில் அந்த அணு,
புரதம் கோத்துக்கொண்டே போக
குழியின் அடியில்
மெல்லிய சிவப்பு வலை விரிந்தது.

ஒற்றைப் பிடி பெரிதில்லை,
ஈரக் கையில் சூடை மீன்.
ஆயிரம் பிடி சேர்ந்தால்தான் வலை.

இனி, எதைப் பிடித்தது என்று கேட்க வேண்டும்.
புரதத்துக்கு வாய் இல்லை.
ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு சர்க்கரை
முதலில் ஊட்டிவிட்டு
பிறகு இரத்தம் விட்டேன்.
தெரிந்த சர்க்கரை வந்தால் கை நிரம்பிவிடும்,
அணுவைப் பிடிக்க மிச்சக் கை இருக்காது.

குளுக்கோஸ், காலக்டோஸ்:
ஆறு கார்பன், ஒரே எடை,
நாக்குக்கு இரண்டும் இனிப்புத்தான்.
நான்காவது கார்பனில் மட்டும்
ஒன்று
சில்லறை வாங்குவதுபோல் கையைப் பக்கவாட்டில் நீட்டுகிறது.
மற்றது
உச்சிப்புளியில் பஸ்ஸை மறிப்பதுபோல் தூக்குகிறது.
அவ்வளவுதான் வித்தியாசம்.

புரதத்தின் மடிப்பில் ஆழமில்லாத ஒரு பள்ளம்.
அங்கே தண்ணீர் குடியிருக்கிறது.
கை பொருந்தினால்
தண்ணீர் எழுந்து இடம் விடும்.
பொருந்தாவிட்டால்
எத்தனை முறை முட்டினாலும்
திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஒரு மணி நேரம் தட்டைத் தொடக் கூடாது.
நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது.
பாம்பன் பக்கம் போகும் ரயில் மெதுவாகக் கடக்க
மேசை அதிர்ந்ததா, என் கையா?
ஜுலைகா மூச்சை அடக்கி
போன் வெளிச்சத்தைக் கீழிருந்து பிடித்தாள்.

குளுக்கோஸ்: வலை.
மானோஸ்: வலை.
காலக்டோஸ் குழியில்
அணுக்கள் பிடி விட்டு உருண்டு
அடியில் ஒரு புள்ளி,
குத்தூசி முனையில் நின்ற இரத்தம் போல.

பிடித்தது எதை என்று
விட்டுக் காட்டிவிட்டது.

நாளைக்குச் சேசம்மாளிடம் சொல்ல வேண்டும்.
இல்லை அக்கா, உன்னைத் தெரியவில்லை அதற்கு.
உன் இரத்தத்தில் சுற்றுவது
கையைப் பக்கவாட்டில் நீட்டும் சாதி.
அடுத்த தடவை
கட்டக்கோரை அரைக் கிலோ கொண்டு வா.
அதையும் கேட்டுப் பார்ப்போம்.