பதினான்காம் தேதி வரை

சவுத் ஷீல்ட்ஸ், 1940 டிசம்பர்.

கப்பல் மூழ்கிய நாளோடு
சம்பளம் நிற்கும். விதி.
நான் வெறும் குமாஸ்தா.

'எல்ஸ்டன் லா'வில் டார்பிடோ பாய்ந்தது
பதினான்காம் தேதி, விடியுமுன்.
கோதுமைக்குக் காப்பீடு இருந்தது.
முப்பத்தொரு பெயருக்கும் அடியில்
பேரேட்டில் ஒரே கோடு இழுத்தேன்;
அளவுகோல் வழுக்கி
சமையற்காரன் பெயர்மேல் மை.

இன்று ஜன்னலுக்கு அப்பால்
கரி அள்ளும் ரால்ஃப் திர்ல்வெல்,
டைன் ஆற்று மழை சொட்டச் சொட்ட.
இரண்டு கையிலும் கட்டு.
ரசீதில் கையெழுத்துப் போட
பேனாவைப் பல்லில் கடித்தான்.

"படகில் கிடந்த பதினோரு நாள்?"

உதட்டைப் பிதுக்கினேன்.

"சரி. அங்கே தின்ற பிஸ்கட்டுக்கு
ஏதாவது பிடித்தம் உண்டா?"

அவன் சிரிக்கவில்லை.
நான் விதிப்புத்தகத்தை எடுத்துப்
புரட்டிப் பார்த்தேன்.