மூன்று மில்லிமீட்டர்

நன்மங்கலத்துக் காட்டோரம்
ஐப்பசி வரை பையன்கள் ஸ்டம்பு நட்ட பள்ளத்தில்
இப்போது முழங்காலளவு ஓடை.
கலங்கல் தெளிந்து மூன்று நாள்தான் ஆகிறது.
செருப்பைக் கையில் பிடித்தபடி இறங்கினேன்.

ஊறிக் கறுத்த புங்கங்குச்சி ஒன்றைத் திருப்பினால்
அடிப்பக்கம் ஒன்பது கிண்ணங்கள்.
மூன்று மில்லிமீட்டர், மிஞ்சினால் நான்கு.
நோட்டில் நிறம் எழுத வேண்டும்.
வெளிர் ஆரஞ்சு என்று எழுதி அடித்தேன்.
அரைவேக்காட்டு மஞ்சள் கரு,
அதையும் அடித்தேன்.

பொக்லைனை அணைத்துவிட்டு வந்தார் ஆரோன்.
தூர் வார இன்னும் இருநூறு மீட்டர் பாக்கி.
என் பூதக்கண்ணாடியை வாங்கி
முதலில் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்,
பிறகுதான் குச்சியை.

"காளானா?"
அந்த வகைதான்.
"துன்னலாமா?"
ஒரு கரண்டி சேர ஒரு மழைக்காலம் ஆகும்.
அவர் சிரிக்கவில்லை.
"தண்ணிக்குள்ளயே கெடக்குறதுக்குக்
கிண்ணம் எதுக்கு மேடம்?"

சித்திரையில்
தெருவுக்கு ஒரு லாரி, வீட்டுக்கு நாலு குடம் என்று
வரிசையில் நிற்கிறவர்.
கேட்கலாம்.

உள்சுவர் முழுக்க நுண்ணிய பைகள்,
பைக்கு எட்டு வித்து,
நீர் இறங்கிக் காற்றுப் படும்போது
என்று நான் தொடங்கியதும்
இன்னும் கிட்டே பார்க்க முகத்தைக் கொண்டுவந்தார்.
அவர் மூச்சு பட்டது.

புகை.
ஓரத்துக் கிண்ணம் ஒன்றிலிருந்து
இட்லிக்கு எழும் ஆவியில் நூறில் ஒரு பங்கு.
எழுந்தது, இல்லை.

"அய்ய, என்னமோ உட்டுச்சு!"
கையை உதறினார்.
ஊறிய குச்சி மிதக்காது.
கல்லுக்குக் கல் உருண்டு
பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டது
என் இரண்டு வருஷத் தேடலின் முதல் மாதிரி.

தொடை நனையத் துழாவினேன்.
பால் கவர், ஒரு பொம்மைக் கால், வேறு குச்சிகள்.
அவரும் இறங்கித் துழாவினார், கைலியை ஏற்றிக் கட்டி.
"என்னா கலரு சொன்னீங்க?"
நான் சொல்லவே இல்லை.

மேஸ்திரி மேலிருந்து கத்த,
ஏறிப் போய் வண்டியைக் கிளப்பினார்.
தண்ணீர் மறுபடி டீ நிறமானது.

டிபன் பாக்ஸில் ஈரச் செய்தித்தாள் மட்டும்.
நோட்டில் அடித்த இரண்டு வரி.
அவர் மீசையில், எட்டின் மடங்கில்,
எவ்வளவோ.