ஏழாவதற்குக் கயிறு இல்லை

வானொலி சொன்னது:
இரவு பத்துக்கு மேல், மேற்கிலிருந்து, மணிக்கு நூற்றுப்பத்து.
லகுனா செகாவில் அதற்கு முன்பே தெரிந்துவிடும்.
ஆடுகள் முதுகைத் திருப்பிக்கொள்ளும்.
கலஃபாத்தே புதர் தரையில் கன்னம் வைக்கும்.

ஒரு விமானத்துக்கு மூன்று கயிறு,
இறக்கைக்கு ஒன்றாக இரண்டு, வாலுக்கு ஒன்று.
ஆறு விமானம், பதினெட்டுக் கயிறு.
கணக்கு சரிதான்,
ஏழாவது நிற்பதை மறந்துவிட்டால்.

மறக்கச் சொல்லித்தான் தீர்மானம்.
பத்தொன்பது மாத வாடகை பாக்கி.
செயலாளர் எலுனெட் பியூ சிவப்பு மையில் எழுதினாள்:
ஓயார்சுனின் பைப்பருக்குச் சங்கம் பொறுப்பல்ல.
அவன் கொமொதோரோவில், எண்ணெய்க் கிணற்றில்.
மாதம் ஒரு கடிதம் வரும்,
அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று.
அவன் திரித்த கயிறு என்னிடம் ஒரு பெட்டி நிறைய.
ஒன்றுகூட முடிச்சுக்கு ஆகாது.

ஆறையும் மூக்கு மேற்காகத் திருப்பினேன்.
நைலானை முறுக்கிக் கட்டினால்
முதல் உலுக்கலிலேயே வளையம் பிடுங்கும்.
தொய்வு விட்டால் துள்ளப் பழகும்.
ஒரு விரல் இடைவெளி.
என் விரல். பியூவின் விரல் போதாது.
சக்கரத்துக்குக் கட்டை, சுக்கானுக்குப் பூட்டு.
இறக்கைகளின் முதுகில் குறுக்குப் பலகை,
காற்று வழுக்கிப் போகாமல்
தடுக்கி விழ.

இறக்கைக்கு மூளை கிடையாது.
எதிரே வேகம் வந்தால் எழும்.
உள்ளே ஆள் உண்டா,
வாடகை கட்டியாயிற்றா,
கேட்காது.

ஏழாவது அவிழ்ந்தால்
கிழக்கே நிற்கும் எட்முந்தோவின் செஸ்னா மேல்தான் விழும்.
அதற்காகத்தான் மண்வெட்டியை எடுத்தேன்
என்று சொல்லிக்கொண்டேன்.
சக்கரங்களுக்கு ஒரு சாண் குழி.
வாலுக்குத் தண்ணீர் நிரம்பிய பீப்பாய்.
இறக்கைகளுக்குக் கம்பளிப் பொதி கட்டும் கம்பி,
இரட்டை மடிப்பு.
பிறகும் கம்பியை நம்ப மனம் வரவில்லை.
அறுபத்தெட்டு கிலோ நான். கோட்டோடு எழுபது.
உள்ளே ஏறிக் கதவைத் தாழிட்டேன்.

பதினாறு வருஷம் இந்தத் திடலில்.
பறந்ததில்லை.
யாரும் கூப்பிடாமல் இல்லை.
கூப்பிட்டபோதெல்லாம் கையில் ஏதாவது வேலை.

பதினொன்றுக்கு வந்தது.
மழை இல்லை, கூழாங்கல்.
துணிச்சுவர் முரசாயிற்று.
குச்சியை வயிற்றோடு இழுத்துப் பிடித்தேன்.
காற்றளக்கும் குழாயின் உறையை
ஓயார்சுன் எங்கோ தொலைத்திருந்தான்,
அதனால் முள் உயிரோடிருந்தது.
டார்ச்சு வெளிச்சத்தில்
இருபது. முப்பத்தொன்று.
நாற்பது மைலில் இந்த வண்டி தரையை விடும்,
எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
நாற்பத்தெட்டு.

இடது சக்கரம் குழியிலிருந்து எழுந்தது.
கம்பி ஒரு சுருதி பிடித்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
என் வயிறு இருக்கையில் இல்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
ஓயார்சுனை அல்ல, பியூவையும் அல்ல.
பிறகு, வெட்கமாக இருக்கிறது சொல்ல,
சிரித்தேன்.
ஐம்பத்திரண்டு.
இன்னும் ஒரு மைல், இன்னும் ஒன்று என்று
கீழே இழுக்க ஏறியவள்
முள்ளைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சக்கரம் குழிக்கே திரும்பியது.

விடிந்தபோது
பலகை ஒன்றைக் காணோம்.
கம்பி, இறக்கைத் தாங்கியில்
நகக்கீறல் மாதிரி ஒரு கோடு போட்டிருந்தது.
பியூ வண்டியில் வந்து இறங்கி ஏழு என்று எண்ணினாள்.
குழிகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
மாத்தே கெண்டியை நீட்டினாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
மேற்குக் காற்று. சேதம், பலகை ஒன்று.
ஓயார்சுனின் பில்லில் சேர்த்தேன்:
கம்பி எட்டு மீட்டர்.
அதன் கீழே, கழிக்க வேண்டியது என்று ஒரு வரி:
பறந்த நேரம்.
எத்தனை நிமிடம் போடுவது?
மை காய்ந்துகொண்டிருக்கிறது.