இருநூறு உறைகள்

ஞாயிறன்று நரம்புவலை தமிழ் முகவரிகளை
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக வாசித்தது.
திங்கள் சிங்களம் தொடங்கினோம்.
வியாழன் பின்னேரம், மழை,
மருதானைப் பாலத்தில் பஸ்கள் நகராமல் நிற்க,
சும்மா ஒருக்கால் பழையதைக் கேட்டுப் பார்த்தேன்.
தமிழ்: பதினொன்று.

வெள்ளவத்தையை வத்தளை என்றது.
கொட்டாஞ்சேனையின் ஞ-வைச்
சிங்கள எழுத்தென்று சாதித்தது,
தயக்கமே இல்லாமல்.
பயந்தது அதற்குத்தான்:
மறந்தது அதற்குத் தெரியவில்லை.

இந்துனில் சொன்னான்:
யார் பிழையும் இல்லை. இருப்பது ஒரே எடைகள்.
பழைய பாடம் இருந்த கதிரையிலேயே
புதியது வந்து குந்துகிறது.
அவன் அதைச் சிங்களத்தில் சொன்னான்.
எனக்குச் சிங்களத்திலேயே விளங்கியது.

முதலில், தமிழைத் தாங்கும் இணைப்புகளுக்கு
சுருள்வில் மாட்டினோம்.
அசையலாம், அசைவுக்கு விலை உண்டு.
ஐம்பத்துநாலு. போதாது.

பிறகு தூக்கம்.
பகலில் ஓடிய பாதையை
உறங்கும் எலியின் மூளை
திரும்ப ஓடிப் பார்க்குமாம், பலமடங்கு வேகத்தில்.
இதுவும் இரவில் ஓடட்டும்,
புதியவற்றின் நடுவே பழைய உறைகளோடு.
ஞாபகத்தில் இடம் இருநூறுக்கு.

நாற்பதாயிரத்தில்
எந்த இருநூறு?

நிரல் தானே பொறுக்கித் தந்தது:
சராசரிக்குப் பக்கத்தில் நிற்பவை,
வட்ட எழுத்து, வளையாத வரி,
எவருடையதும் அல்லாத கை.

கழித்த குவியலில் ஒன்று.
டாம் வீதி, மேல்மாடி,
தையல்கடைக்குப் பக்கத்துப் படி.
நீலப் பேனா. ஏழாம் இலக்கத்தின் ழ
வால் நீண்டு கீழ்வரிக்கு இறங்கி
கொழும்பின் ழ-வில் கொளுவியிருந்தது.
மேலே சிவப்பு முத்திரை: பெறுநர் இல்லை.
அதே கையெழுத்தில் இன்னும் இரண்டு,
அதே முத்திரை.
மூன்றாவதில் முத்திரைத் தலை ஒன்று கூடுதலாக,
காசு போதாமல்தான் திரும்பியதென்று
நினைத்தார்களோ என்னவோ.

நிரல் இதை விலகல் என்கிறது.
நான் ஒரு வட்ட எழுத்தை எடுத்துவிட்டு
இதை உள்ளே வைத்தேன்.
இந்துனிலிடம் சொல்லவில்லை.

காலையில் சிங்களம் தொண்ணூற்றிரண்டு,
தமிழ் எண்பத்தொன்பது. அவன் தேத்தண்ணி வாங்கித் தந்தான்.
இரவுப் பதிவேட்டை நான் தனியே திறந்தேன்.

மூன்று மணி பத்து நிமிடம். அந்த உறை.
கொழும்பு, நாற்பத்தாறு வீதம்.
களுத்துறை, முப்பத்தொன்று.
மீதிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதல்முறையாகத்
தயங்கியிருக்கிறது.