ஏழாம் கிடங்கு, சலாலா

பெர்பெரா ஆடுகளோடு கப்பலேறி வந்த
வைக்கோல் கட்டுக்குள்
ஐந்து கிராம் உயிர்.

எலி என்று எழுதினார் ஹமூத்.
எலியில்லை, மூஞ்சூறு என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

விரல்நுனியில் அதன் நெஞ்சு
தட்டவில்லை,
ஃப்ரிட்ஜ் மோட்டார்போல் அதிர்ந்தது.
சில மணி நேரம் தின்னாவிட்டால் செத்துவிடும்.
கரப்பான் ஒன்றைப் பிடித்துப் போட்டேன்.
தலையிலிருந்து தொடங்கியது.

தான் போக வழியில்லாத மூஞ்சூறு
விளக்குமாற்றையும் இழுத்ததாம்,
எங்கள் பக்கத்துக் கேலி.
இரவில் இது இழுத்துப்போனது
நான்கு குட்டிகளை.
ஒன்றன் வாலடியை ஒன்று கவ்வி,
ஒரே கயிறாய்,
மருந்து வைத்த மூலையைச் சுற்றிக்கொண்டு
கரீஃப் தூறலுக்குள்.

காலையில் கையெழுத்துக் கேட்டார்:
எலி ஒன்று, அழிக்கப்பட்டது.

போட்டேன்.
பேனாவிலும் அந்த வாடை.